வான்கார்டும் பொரியஸும்: வடகடலின் இரட்டைக் காற்றாலைத் திட்டங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு நடத்திய மின்சார ஏலத்தில் நார்ஃபோக் பொரியஸ் என்ற கடல் காற்றாலைத் திட்டம், யூனிட்டுக்கு 4 பென்ஸுக்கும் குறைவான விலையில் ஒப்பந்தம் வென்றது. அடுத்த ஆண்டு ஜூலையிலேயே, இந்தத் திட்டத்தை இப்படியே கட்டப்போவதில்லை என்று அதை வென்ற நிறுவனம் கையை விரித்தது. பொரியஸின் இரட்டைப்பிறவி நார்ஃபோக் வான்கார்ட். அது பொரியஸுக்கு முன்பே அனுமதி பெற்றது, நீதிமன்றத்தில் அந்த அனுமதியை இழந்தது, மறுபடியும் பெற்றது. ஆனால் அந்த இழுபறியில் 2022 ஏலத்தைத் தவறவிட்டது. 2026 ஜனவரியில் நல்ல விலைக்கு ஒப்பந்தம் கிடைத்தது வான்கார்டுக்குத்தான். பொரியஸின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

இதைச் சுற்றுச்சூழல் ஆட்கள் ஒரு கதையாகச் சொல்வார்கள்: பறவை, நிலத்தோற்றம், வழக்கு. நிதி ஆட்கள் வேறு கதையாகச் சொல்வார்கள்: வட்டி, எஃகு விலை, ஏல வடிவமைப்பு. இரண்டும் ஒரே கதை என்பது என் கட்சி. சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் எடுத்த ஒரு முடிவு எந்தத் திட்டம் எந்த ஆண்டு சந்தைக்கு வரும் என்பதைத் தீர்மானித்தது. சந்தையின் தேதிகளோ மதிப்பீட்டில் எழுதியிருந்த எந்திரங்களையே பழசாக்கிவிட்டன.

இடமும் திட்டமும்

இங்கிலாந்தை ஒட்டிய கடற்படுகையை நிர்வகிப்பது அரச சொத்து அமைப்பான கிரவுன் எஸ்டேட். கடல் காற்றாலைக்கான அதன் மூன்றாவது குத்தகைச் சுற்றில் கிழக்கு ஆங்கிலியா மண்டலம் வாட்டன்ஃபால், ஸ்காட்டிஷ்பவர் ஆகிய இரு நிறுவனங்களின் கூட்டுக்குப் போனது. பிறகு அவை மண்டலத்தைப் பிரித்துக்கொண்டன. வடபாதி ஸ்வீடன் அரசுக்குச் சொந்தமான வாட்டன்ஃபாலிடம் வந்தது. அதில்தான் வான்கார்டும் பொரியஸும், ஒவ்வொன்றும் 1,800 மெகாவாட் அளவில் திட்டமிடப்பட்டன. வான்கார்ட் கரையிலிருந்து மிக அருகில் 47 கிலோமீட்டர். பொரியஸ் இன்னும் தள்ளி, எழுபது கிலோமீட்டருக்கும் அப்பால்.

கரையில் நின்றால் கண்ணுக்கே தெரியாத காற்றாலைகள். அப்படியிருந்தும் சண்டை நடந்தது கரையில்தான். கடலடி மின்வடம் ஹேப்பிஸ்பர்க் என்ற ஊரில் கரையேறி, நிலத்துக்கடியில் சுமார் 60 கிலோமீட்டர் ஓடி, கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தின் நடுவே நெக்டன் என்ற கிராமத்துப் பக்கம் துணைமின் நிலையத்தில் முடிகிறது. ஹேப்பிஸ்பர்க் கடலரிப்பில் வீடுகளை இழந்துகொண்டே இருக்கும் ஊர். 2013-இல் அதன் கரையில் 8 லட்சம் ஆண்டுகளுக்கும் பழைய மனிதக் காலடித் தடங்கள் வெளிப்பட்டு, கொஞ்ச நாளிலேயே அலை அவற்றையும் அழித்துவிட்டது. அங்கே வடத்தைக் கரையேற்ற வேண்டுமென்றால், குன்றின் கால்மாட்டைத் தொடாமல் ஆழத்தில் துளையிட்டுத்தான் கொண்டுவர வேண்டும்.

தொடக்கத்தில் நிறுவனம் ஒரு நல்ல முடிவு எடுத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மாறுதிசை மின்சாரமாக அனுப்பினால் வழியில் இடைநிலைக் கட்டடங்கள் வேண்டும், வடப் பள்ளமும் அகலமாகும். ஊர்க்காரர்கள் அதை எதிர்த்தார்கள். 2018-இல் வாட்டன்ஃபால் நேர்மின்சாரத்துக்கு மாறியது. பள்ளம் குறுகியது, இடைநிலைக் கட்டடங்கள் தேவையற்றுப் போயின. ஆனால் நேர்மின்சாரத்தை மறுபடி மாறுதிசையாக்க நெக்டனில் பெரிய மாற்றிக் கூடங்கள் கட்டியாக வேண்டும். வழியெல்லாம் சிதறியிருந்த பாரம் ஒரே கிராமத்தின் தலையில் வந்து இறங்கியது. அந்தப் பக்கம் டட்ஜன் என்ற வேறொரு கடல் காற்றாலையின் துணைமின் நிலையம் ஏற்கெனவே இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராச்டேல் உறைக்குள் எத்தனை பறவைகள்

கடல் காற்றாலைக்கு விண்ணப்பிக்கும்போது எந்த எந்திரம் வாங்கப்போகிறோம் என்பது நிறுவனத்துக்கே தெரியாது. விண்ணப்பத்துக்கும் கட்டுமானத்துக்கும் இடையே ஏழெட்டு ஆண்டுகள் ஓடிவிடும், அதற்குள் எந்திரம் இரண்டு தலைமுறை வளர்ந்துவிடும். அதனால் பிரிட்டனில் ஒரு வழக்கம் உண்டு. அதிகபட்சம் இத்தனை எந்திரம், இவ்வளவு உயரம், இவ்வளவு அகலம் என்று எல்லைகளை மட்டும் சொல்லி, அதற்குள் மிக மோசமான நிலையை எடுத்துப் பாதிப்பைக் கணக்கிடுவார்கள். இதற்கு ராச்டேல் உறை என்று பெயர். வடமேற்கு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு வணிகப் பூங்காவுக்கு எதிராக வந்த வழக்குகளிலிருந்து பிறந்த பெயர் அது.

யோசித்தால் நியாயமான ஏற்பாடு. ஆனால் பறவைக் கணக்கில் இது விசித்திரமாக வேலை செய்கிறது.

கிட்டிவேக் என்று ஒரு சிறிய கடற்காகம். யார்க்‌ஷயர் கரையில் ஃபிளாம்பரோ, பெம்ப்டன் செங்குத்துப் பாறைகளில் சுமார் 45,000 இணைகள் கூடு கட்டுகின்றன. அந்தப் பகுதி சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவையிடம். அங்கிருந்து கிளம்பும் பறவைகள் இரை தேடவும் வலசை போகவும் வடகடல் முழுக்கச் சுற்றுகின்றன, காற்றாலைகள் நிற்கப்போகும் இடங்கள் உட்பட. விசிறியில் எத்தனை பறவை அடிபடும் என்பதைக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. எத்தனை பறவை அந்த வழியே பறக்கும், எந்த உயரத்தில் பறக்கும், விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றும், கடைசியாக எத்தனை விழுக்காடு பறவைகள் விசிறியைக் கண்டு விலகிப் போகும் என்று படிப்படியாகப் போகும். அந்தக் கடைசி எண்தான் ராஜா. அதை 98.9 என்று வைத்தால் நூற்றுக்கு 1.1 விலகாமல் போகிறது. 99.2 என்று வைத்தால் 0.8. பார்வைக்கு அற்ப வித்தியாசம். கணக்கில் சாவுகள் கால்வாசிக்கு மேல் குறைந்துவிடும்! நிறுவனத்தின் நிபுணர்களும், அரசுக்கு ஆலோசனை சொல்லும் நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பும், பறவைச் சங்கமான ஆர்எஸ்பிபியும் இந்த மாதிரி எண்கள் மேல் மாதக்கணக்கில் வாதாடுவது இதனால்தான்.

விசாரணை நடக்கும்போதே வாட்டன்ஃபால் இறங்கி வந்தது. 200 எந்திரம் என்று தொடங்கியது 180 ஆனது, பிறகு 158 ஆனது. விசிறியின் கீழ்நுனிக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளியை 22 மீட்டரிலிருந்து எந்திர அளவைப் பொறுத்து 27 அல்லது 30 மீட்டராக உயர்த்தியது. கிட்டிவேக் பெரும்பாலும் தாழப் பறப்பது. இந்தச் சில மீட்டர்கள் காகிதத்தில் நிறைய உயிர்களைக் காப்பாற்றின.

காகிதத்தில் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். இன்று கிடைக்கும் 15 மெகாவாட் எந்திரத்தைப் போட்டால் 1,800 மெகாவாட்டுக்கு 120 எந்திரம் போதும். ஆனால் அடுத்த திட்டம் விண்ணப்பிக்க வரும்போது, ஏற்கெனவே அனுமதி பெற்ற திட்டங்களின் சாவுக் கணக்கு மோசமான நிலைப்படியே கூட்டப்படும். கட்டாத எந்திரங்கள், அடிபடாத பறவைகள், எல்லாம் பின்னால் வருபவரின் தலையில் ஏறும். வடகடலில் ஒவ்வொரு புதிய திட்டத்துக்கும் ‘இனி இடமில்லை’ என்ற நிலை வேகமாக வந்ததற்கு நிஜப் பறவைகள் பாதிக் காரணம், இந்தக் கணக்கு முறை மீதிக் காரணம் என்பேன்.

விளைவு என்னவென்றால், 2020 ஜூலையில் ஹார்ன்சி 3 என்ற அண்டைத் திட்டத்துக்கு அமைச்சர் நேரடி அனுமதி தரவில்லை. கிட்டிவேக்குகளுக்கு ஈடு என்ன செய்வாய் என்று கேட்டார். ஆர்ஸ்டெட் நிறுவனம் செயற்கைக் கூட்டுக் கோபுரங்களைக் கட்டுவதாக ஒப்புக்கொண்ட பிறகு, அந்த ஆண்டின் கடைசி நாளில்தான் அனுமதி வந்தது. லோவஸ்டாஃப்ட் ஊரை ஒட்டிய கடலில் இப்போது அந்தக் கோபுரங்கள் நிற்கின்றன. வான்கார்ட், பொரியஸ் இரண்டின் மீதும் பின்னால் இதே போன்ற ஈட்டு நிபந்தனைகள் வந்தன. கிட்டிவேக்குக்கு ஒன்று, சஃபோக் கரையில் கூடு கட்டும் கருமுதுகுக் கடற்காகத்துக்கு ஒன்று, வடம் கடந்து போகும் கடலடி மணல்மேடுகளுக்கு ஒன்று.

கூடு கட்டிக் கொடுப்பதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. கிட்டிவேக் குறைவதற்கு முதல் காரணம் கூடு கட்ட இடமில்லாமை அல்ல. சேண்ட் ஈல் என்ற சிறு மீன் குறைந்துபோனதுதான். அதுதான் குஞ்சுகளின் முக்கிய இரை. 2024 மார்ச் கடைசியில் பிரிட்டன் தன் வடகடல் பகுதியில் அந்த மீன்பிடிப்பை நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியத்தோடு தகராறு வந்தும் கூட. பறவைக்கு உண்மையில் உதவக்கூடிய அந்த நடவடிக்கையை ஒரு தனியார் காற்றாலை நிறுவனம் செய்ய முடியாது. அரசுதான் செய்ய முடியும். நிறுவனத்தால் முடிந்தது கோபுரம். எனவே கோபுரம். 2023 எரிசக்திச் சட்டத்தில் ஈட்டுப் பணிகளை ஒரு பொது நிதியாகத் திரட்ட வழி வைத்தது இந்தச் சிக்கலைப் பார்த்த பிறகுதான்.

நெக்டன் வழக்கு

2020 ஜூலை 1 அன்று வான்கார்டுக்கு அனுமதி கிடைத்தது. அதை எதிர்த்து உள்ளூர்வாசி ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். பறவைக்காக அல்ல. நெக்டன் துணைமின் நிலையங்களுக்காக.

இரண்டு திட்டங்களும் ஒரே நிறுவனத்தினுடையவை. ஒரே வடப் பாதை, ஒரே முடிவிடம். பொரியஸ் விண்ணப்பமே இரண்டு கற்பனைகளை வைத்து எழுதப்பட்டது: வான்கார்ட் கட்டப்பட்டு பொரியஸுக்கான குழாய்களையும் சேர்த்துப் பதித்துவிட்டால் ஒன்று, வான்கார்ட் கட்டப்படாவிட்டால் இன்னொன்று. வான்கார்டின் சுற்றுச்சூழல் அறிக்கையே இரண்டு திட்டங்களின் மாற்றிக் கூடங்களும் நெக்டனில் சேர்ந்து நின்றால் நிலத்தோற்றம் எப்படி இருக்கும் என்பதைக் கணக்கிட்டு, சில இடங்களிலிருந்து பார்த்தால் பாதிப்பு குறிப்பிடத்தக்கது என்றும் சொல்லியிருந்தது. அதாவது தகவல் கோப்பில் இருந்தது.

அமைச்சர் அந்தப் பக்கத்தை எடைபோடவில்லை. பொரியஸ் பற்றிய தகவல் போதாது, கூட்டுப் பாதிப்பைப் பொரியஸ் விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார். 2021 பிப்ரவரி 18 அன்று நீதிபதி ஹோல்கேட் இதை ஏற்க மறுத்தார். நிறுவனமே கொடுத்த மதிப்பீடு கையில் இருக்கும்போது, இவ்வளவு நெருக்கமாகப் பிணைந்த இரண்டு திட்டங்களின் கூட்டுப் பாதிப்பை அடுத்த விசாரணைக்குத் தள்ளுவது சட்டப்படி தவறு, தள்ளியதற்குச் சொன்ன காரணமும் போதாது என்று அனுமதியை ரத்து செய்தார்.

இந்தத் தீர்ப்பு எனக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது என்றால், கூட்டுப் பாதிப்பைத் தள்ளிவைத்தால் அதை யாரும் பார்க்கவே மாட்டார்கள். முதல் திட்டத்தின் விசாரணையில் ‘இரண்டாவது இன்னும் வரவில்லையே’ என்பார்கள். இரண்டாவதின் விசாரணையில் ‘முதலாவதுதான் அனுமதி பெற்றாயிற்றே, அது அடிப்படை நிலை’ என்பார்கள். இரண்டுக்கும் நடுவே நெக்டன் கிராமம் விழுந்துவிடும். வடப் பாதையை ஒட்டிய காஸ்டன் ஊரிலும் இதே குறை எழுந்தது. வான்கார்டின் கட்டுமான லாரிகளும் ஹார்ன்சி 3-இன் லாரிகளும் ஒரே குறுகிய தெருவில் வரவேண்டியிருந்தன. இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள், இரண்டு வெவ்வேறு கோப்புகள், ஆனால் தெரு ஒன்றுதான்.

வழக்குப் போட்டவர் காற்றாலையே வேண்டாம் என்று சொல்பவர் என்று எளிதாக முத்திரை குத்தலாம். நார்ஃபோக்கில் எழுந்த கோரிக்கை வேறு. ஒவ்வொரு காற்றாலைக்கும் தனித்தனியாக வயலைத் தோண்டாதீர்கள், கடலிலேயே பொதுவான மின்கடத்தல் வலையமைப்பு போட்டு ஒரே இடத்தில் கரையேற்றுங்கள் என்பது. பொறியியல் ரீதியாக அதில் நியாயம் இருந்ததால்தான் அரசே 2020-இல் கடல் மின்கடத்தல் பற்றிய மறுபரிசீலனையைத் தொடங்கியது. வான்கார்டுக்கு அது காலம் கடந்த ஞானம்.

மூன்று நாள் இடைவெளி

இந்த இடத்தில்தான் சுற்றுச்சூழல் கோப்பும் சந்தைக் கோப்பும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன.

பிரிட்டனில் கடல் காற்றாலை பெரும்பாலும் சிஎஃப்டி எனப்படும் விலை வித்தியாச ஒப்பந்தத்தை நம்பித்தான் கட்டப்படுகிறது. ஏலத்தில் ஒரு விலை நிர்ணயமாகும். சந்தை விலை அதைவிடக் குறைந்தால் மீதியை ஒப்பந்தக்காரருக்குக் கொடுப்பார்கள், கூடினால் அவர் திருப்பிக் கட்ட வேண்டும். அப்போதைய விதிப்படி 15 ஆண்டு காலம், விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து உயரும். ஏலத்தில் கலந்துகொள்ள அப்போது ஒரு கட்டாயமும் இருந்தது: திட்ட அனுமதி கையில் இருக்க வேண்டும்.

நான்காவது ஏலத்துக்கு விண்ணப்பம் 2021 டிசம்பர் 13 அன்று திறந்து 2022 ஜனவரி 14 அன்று மூடியது. பொரியஸுக்கு அனுமதி வந்தது 2021 டிசம்பர் 10. மூன்று நாள் முன்னதாக. ரத்தான வான்கார்டுக்கு மறு அனுமதி வந்தது 2022 பிப்ரவரி 11. நான்கு வாரம் தாமதம். முதலில் அனுமதி பெற்ற திட்டம் வெளியே நின்றது, பின்னால் வந்தது உள்ளே போனது.

வழக்கால் ஒரு நிறுவனம் ஏலத்தை இழந்தது, இதுதான் பசுமைத் திட்டங்களை முடக்கும் சிவப்பு நாடா என்று அப்போது எழுதியிருக்க முடியும். அடுத்த பதினெட்டு மாதத்தில் அந்த வாதம் தலைகீழானது.

37.35

ஏலம் 2022 ஜூலையில் முடிந்தது. கடல் காற்றாலைக்கு வந்த விலை மெகாவாட் மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 37.35 பவுண்ட். இது 2012-ஆம் ஆண்டு விலையில் சொல்லப்படும் எண். 2024 மதிப்பில் ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று பவுண்ட் வரும். மொத்தம் சுமார் 7,000 மெகாவாட். அதில் பொரியஸ் 1,396. அதே கணக்கில் 2015-இல் 114, 120 பவுண்ட் வரை கொடுத்த நாடு, 2017-இல் 57.50, 2019-இல் 40-ஐ ஒட்டி என்று இறங்கி இங்கே வந்து நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள்.

விலை இறங்கியதற்கு உண்மையான காரணங்கள் இருந்தன. எந்திரம் பெரிதானது, எண்ணிக்கை குறைந்தது, கடலில் வேலை செய்யும் நாட்கள் குறைந்தன, கடன் மலிவாகக் கிடைத்தது. இந்தக் கடைசிக் காரணத்தை மட்டும் எல்லாரும் நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டார்கள். காற்றாலைக்கு எரிபொருள் செலவு கிடையாது. கிட்டத்தட்ட எல்லாச் செலவும் முதல் நாளே கடனாக வாங்கிப் போடுவது. ஆகவே வட்டிதான் அதன் எரிபொருள். ஒரு சின்னக் கணக்கு: 25 ஆண்டில் திருப்பும் முதலுக்கு 5 விழுக்காடு என்றால் ஆண்டுத் தவணை முதல்தொகையில் 7.1 விழுக்காடு. 8 என்றால் 9.4. மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் முதலீட்டுச் செலவு மட்டும் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடுகிறது.

பிரிட்டனின் மத்திய வங்கி வட்டி ஏலம் முடிந்தபோது 1.25. ஓராண்டு கழித்து 5. 2022 பிப்ரவரியில் தொடங்கிய உக்ரைன் போரை ஒட்டிப் பொருள் விலை, கப்பல் வாடகை எல்லாம் ஏறின. எந்திரம் செய்யும் நிறுவனங்கள் ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடியதால் பழைய விலைக்குத் தர மறுத்தன. ஒப்பந்த விலை பொதுவான விலைவாசியோடு ஏறும், உண்மைதான். ஆனால் காற்றாலையின் செலவு அதைவிட வேகமாக ஏறியது. 2023 ஜூலை 20 அன்று வாட்டன்ஃபால் தன் அரையாண்டு அறிக்கையில் செலவு 40 விழுக்காடு வரை கூடிவிட்டது என்று சொல்லி பொரியஸை நிறுத்தியது. 550 கோடி ஸ்வீடிஷ் குரோனாவை நஷ்டமாக எழுதிக்கொண்டது.

நிறுவனம் குறைத்துக் கேட்டது அதன் தவறு, சரி. ஆனால் ஏல முறையும் அதற்குத்தான் ஆசை காட்டியது. மலிவாகக் கேட்பவருக்கே ஒப்பந்தம். பின்வாங்கினால் தண்டனை லேசு: அந்த இடம் கொஞ்ச காலத்துக்கு அடுத்த ஏலங்களில் கலந்துகொள்ள முடியாது, அவ்வளவே. கட்ட முடிகிற விலையைச் சொன்னவர் தோற்கிறார், முடியாத விலையைச் சொன்னவர் வென்று, பிறகு வட்டியைப் பார்த்து முடிவெடுக்கிறார்.

அரசு இதிலிருந்து உடனே பாடம் படிக்கவில்லை. ஐந்தாவது ஏலத்தில் உச்சவரம்பே 44 பவுண்ட் என்று வைத்தது. 2023 செப்டம்பரில் முடிவு வந்தபோது கடல் காற்றாலைக்கு ஒரு கேட்பும் இல்லை. பூஜ்யம். அடுத்த ஏலத்துக்கு வரம்பை 73-ஆக ஏற்றிய பிறகுதான் ஆட்கள் திரும்பி வந்தார்கள். அப்போதும் 58.87 பவுண்டுக்கு வென்ற 2,400 மெகாவாட் ஹார்ன்சி 4 திட்டத்தை ஆர்ஸ்டெட் 2025 மே மாதம் கைவிட்டது.

கைமாறிய பிறகு

2023 டிசம்பரில் வாட்டன்ஃபால் மொத்த நார்ஃபோக் மண்டலத்தையும் ஜெர்மனியின் ஆர்டபிள்யூஇ நிறுவனத்துக்கு 96.3 கோடி பவுண்டுக்கு விற்றது. அதில் வாங்கியவர் எதற்குக் காசு கொடுத்தார் என்று யோசிக்க வேண்டும். ஒரு எந்திரம்கூடக் கடலில் நிற்கவில்லை, விலை ஒப்பந்தமும் இல்லை. இருந்தவை கடற்படுகைக் குத்தகை, மின்கட்டமைப்பு இணைப்பு, தயாரிப்புப் பணிகள், பிறகு அந்த அனுமதிகள். நீதிமன்றத்தில் ஒருமுறை அடிவாங்கி, ஓட்டையை அடைத்துக்கொண்டு வந்த அனுமதி. அந்தக் காகிதத்தின் மதிப்பு அந்த வழக்கால் கூடியதா குறைந்ததா? கூடியது என்றே நினைக்கிறேன்.

வான்கார்ட் கிழக்கு, மேற்கு என இரண்டாக, தொடக்கத் திட்டத்தைவிடப் பெரிதாகி, மொத்தம் சுமார் 3,100 மெகாவாட்டாக ஏழாவது ஏலத்துக்குப் போனது. 2026 ஜனவரியில் மெகாவாட் மணிக்கு 91.20 பவுண்டுக்கு, 2024 விலையில், ஒப்பந்தம் கிடைத்தது. பழைய 2012 கணக்கில் அது 65-ஐ ஒட்டி வரும். பொரியஸுக்குக் கிடைத்ததைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுதல், அதுவும் 15 ஆண்டுக்கல்ல, 20 ஆண்டுக்கு. இன்னொரு விதியும் மாறியிருந்தது. கடலடியில் ஊன்றும் காற்றாலைகள், இறுதி அனுமதி வருவதற்கு முன்பே ஏலத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2021 டிசம்பரில் இந்த விதி இருந்திருந்தால் வான்கார்டும் 37.35-க்குள் போய் மாட்டியிருக்கலாம்.

இந்த விதி மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கவில்லை. ஏலத் தேதிக்கும் அனுமதித் தேதிக்கும் இடையிலான அபத்தப் பந்தயம் ஒழிகிறது, அது நல்லது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ‘இந்தத் திட்டம் வேண்டாம்’ என்று சொல்ல எந்த அமைச்சருக்குத் துணிவு வரும்? பறவைக்கான ஈட்டு வேலைகளுக்கும் இயற்கை வகுத்த கால அட்டவணை ஒன்று இருக்கிறது. ஹார்ன்சி 3-க்கான மூல நிபந்தனை, காற்றாலை ஓடத் தொடங்குவதற்கு முன் கூட்டுக் கோபுரங்கள் நான்கு முழு இனப்பெருக்கப் பருவங்களைக் கண்டிருக்க வேண்டும் என்றது. ஒப்பந்தத் தேதி நெருங்க நெருங்க இப்படிப்பட்ட நிபந்தனைகளைத் தளர்த்தச் சொல்லும் நெருக்கடி கூடும்.

மன்னார் வளைகுடாவில் இதைப் பொருத்திப் பார்த்தால்

இந்தியாவின் 2015 கடல் காற்றாலைக் கொள்கை, சுற்றுச்சூழல் தாக்க ஆய்வை நிறுவனத்தின் பொறுப்பில் விடுகிறது. சென்னையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் ஒருங்கிணைப்பு முகமை. 2024 ஜூனில் மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு 500, குஜராத்துக்கு 500 என 1,000 மெகாவாட்டுக்கும் துறைமுக மேம்பாட்டுக்கும் சேர்த்து 7,453 கோடி ரூபாய் இடைவெளி நிதி ஒதுக்கியது. சந்தை தானாக விலையைக் கண்டுபிடிக்கும் என்று விடாமல், முதல் திட்டங்களின் செலவில் ஒரு பகுதியை அரசே ஏற்பது புத்திசாலித்தனம். 2024 டிசம்பரில் டென்மார்க் மானியமே இல்லாமல் 3,000 மெகாவாட்டை ஏலம் விட்டு, ஒருவரும் வராமல் கையைப் பிசைந்தது.

சுற்றுச்சூழல் பக்கம்தான் எனக்குக் கவலை. தமிழ்நாட்டின் கடல் காற்றாலைகளுக்குப் பார்த்து வைத்திருக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடாவில் 2022-இல் ஆவுளியா என்ற கடற்பசுவுக்கு 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்கள். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மீனவர்கள் ஒரே கடலைப் பல வலைகளோடு பகிர்ந்துகொள்கிறார்கள். காற்றாலைக்கு ஏற்ற கடற்பகுதிகளோ அடுத்தடுத்து ஒட்டியவை. ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு நிறுவனம் குத்தகை எடுத்து, தன் பகுதிக்கு மட்டும் ஆய்வு செய்து கொடுத்தால், கூட்டுக் கணக்கை யார் போடுவது? கரையேறும் வடங்களும் துணைமின் நிலையங்களும் எந்த ஊரில் குவியும்?

நெதர்லாந்தில் இந்த வேலையை அரசே செய்கிறது. கடலடி அளவீடு, காற்று அளவீடு, சுற்றுச்சூழல் ஆய்வு எல்லாம் முடித்து, இடத்தை அனுமதியோடு ஏலத்தில் விடுகிறார்கள். மின்கடத்தலும் அரசுக்குச் சொந்தமான டென்னெட் நிறுவனத்தின் பொறுப்பு. அங்கேயும் 2025-இல் ஒரு ஏலத்துக்கு யாரும் வரவில்லை, மானியத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஆக இது விலைப் பிரச்சினைக்கு மருந்தல்ல. ஆனால் ஒரே கடலைப் பத்துத் தரப்பு பத்து விதமாக அளந்து, பறவை விலகும் விழுக்காட்டில் சண்டை போடும் நிலை அங்கே குறைவு. மன்னாரில் முதல் குத்தகை கையெழுத்தாவதற்கு முன்பே, பறவை, ஆவுளியா, மீன்பிடிப் பாதை மூன்றுக்கும் அரசு தன் செலவில் குறைந்தது இரண்டு முழு ஆண்டுத் தரவைத் திரட்டி, எல்லாப் பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே அறிக்கையாக வெளியிடலாம். காற்றை அளக்க ஏற்கெனவே செலவு செய்கிறோம்.